வேறு பெயரில் வரும் நோய்: சங்கரன்கோவில் வட்டாரத்திலிருந்து கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டைப் பார்த்தல்

கேள்வி

குழந்தை மெலிந்திருக்கிறது என்பதற்காக யாரும் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. மூன்று நாளாகப் பேதி, மூச்சு இரைக்கிறது, காய்ச்சல் விடவில்லை என்றுதான் வருகிறார்கள். ‘பிள்ளை தேறவே இல்லை’, ‘சவலை பாய்ஞ்சிருச்சு’, ‘தோஷம் தட்டிருக்கு’ என்பவை வீட்டுப் பேச்சு. அதற்கு வேர் கட்டுவதும் மந்திரிப்பதும் உரைமருந்து கொடுப்பதும் நடந்து முடிந்திருக்கும். பேதியும் நிமோனியாவும்தான் சேர்க்கைச் சீட்டில் ஏறுகின்றன. ஐந்தாறு நாளில் பேதி நின்றதும் அதே பெயரோடு குழந்தை வீடு திரும்புகிறது. அந்தப் பேதியை ஆபத்தாக்கிய அடிநோய்க்குப் பெயரே கிடைப்பதில்லை.

கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டுக்கு மருத்துவமனைச் சிகிச்சை எந்த அளவுக்குப் பயன்படுகிறது, சங்கரன்கோவில் போன்ற ஒரு வட்டத் தலைநகரில் அது எங்கே தடுக்குகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வட இந்திய மாநிலங்களைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் தனிச் சிகிச்சை மையங்களின் எண்ணிக்கையைச் சுற்றியே நடக்கிறது. தமிழ்நாட்டின் சிக்கல் வேறு என்று கருதுகிறேன். இங்கே குழந்தை மருத்துவமனைக்கு வந்துவிடுகிறது. நோய்தான் அங்கே அடையாளம் காணப்படாமல் போகிறது.

அளவுகோலும் அதன் மீதான வழக்கும்

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் மூன்று அடையாளங்களை வகுத்திருக்கிறது: உயரத்துக்கேற்ற எடை, நடுவளவிலிருந்து மூன்று திட்டவிலக்கத்துக்குக் கீழே இருப்பது, மேற்கையின் நடுச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைவது, இரு பாதங்களிலும் அழுத்தினால் குழி விழும் வீக்கம். மூன்றில் ஒன்று இருந்தாலே போதும். 70 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆண் குழந்தை 6.6 கிலோவுக்குக் கீழே இருந்தால் முதல் அடையாளம் பொருந்திவிடுகிறது. மூன்றாவதுதான் ஏமாற்றக்கூடியது. வீங்கிய குழந்தை பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும், தராசும் அதற்குப் பொய்ச்சாட்சி சொல்லும்.

முதல் இரண்டு அளவுகளும் ஒரே குழந்தைகளைப் பிடிப்பதில்லை. கைச் சுற்றளவு வயதில் இளைய, குள்ளமான குழந்தைகளைக் கூடுதலாகப் பிடிக்கிறது. இந்தியாவில் உயரத்துக்கேற்ற எடையே அதிக எண்ணிக்கையைத் தருகிறது. அளவுகோலையே கேள்வி கேட்டவர்களும் உண்டு. பொருளியலாளர் அரவிந்த் பனகாரியா 2013இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’யில் எழுதிய கட்டுரையில், உலகம் முழுவதற்கும் ஒரே வளர்ச்சித் தரத்தை வைப்பதால் இந்தியக் குழந்தைகளின் குறைபாடு மிகைப்படுத்தப்படுகிறது என்று வாதிட்டார். ஆனால் 2006இல் வெளியான அந்தத் தரத்துக்கு அளவெடுக்கப்பட்ட ஆறு நாட்டுக் குழந்தைகளில் தெற்கு டெல்லியின் வசதியான குடும்பத்துக் குழந்தைகளும் அடக்கம். அவர்கள் மற்ற நாட்டுக் குழந்தைகளுக்கு இணையாகவே வளர்ந்தார்கள். ஆகவே குள்ளத்தன்மையைப் பொறுத்தவரை பனகாரியாவின் வாதம் நிற்கவில்லை. மெலிவு விஷயத்தில் ஒரு சந்தேகம் மிஞ்சுகிறது. நம் நாட்டில் மெலிவு, பிறந்த முதல் ஆறு மாதங்களிலேயே உச்சத்தில் இருக்கிறது. எடை குறைவாகப் பிறப்பதன் தொடர்ச்சி அது. 1996இல் வி. ராமலிங்கசுவாமியும் உடன் எழுதியவர்களும் ‘ஆசியப் புதிர்’ என்ற கட்டுரையில் சுட்டியது இதைத்தான்: ஆப்பிரிக்காவைவிட உணவும் வருமானமும் குறைவில்லாத இடத்தில் குழந்தைகள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு, விடையைப் பெண்களின் நிலையில் தேடினார்கள்.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் கடும் மெலிவு இந்திய அளவில் 7.7 சதவீதம், தமிழ்நாட்டில் 5.5 சதவீதம். நான்காவது ஆய்வில் தமிழ்நாட்டின் எண் 7.9. சரிவு உண்மைதான். என்றாலும், நாற்பது குழந்தைகள் உள்ள ஒரு பால்வாடிப் பகுதியில் இரண்டு பேர் என்ற கணக்கு அது. பிரசவங்களில் 99 சதவீதத்துக்கு மேல் மருத்துவமனையில் நடக்கும் மாநிலத்தில் இந்த எண் சங்கடமானது. அந்த இருவரும் பிறந்த நாளிலிருந்து யாரோ ஒரு செவிலியரின் பார்வையில் பட்டவர்களாகவே இருப்பார்கள்.

குன்னூர், மதுரை, கோட்டாம்பட்டி

இந்தியாவில் ஊட்டச்சத்து ஆய்வு தமிழ் நிலத்தில் தொடங்கியது. ராபர்ட் மெக்காரிசன் 1918இல் குன்னூரில் தொடங்கிய சிறு ஆய்வகமே 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சி. கோபாலன் அதை வழிநடத்தியவர்களில் முதன்மையானவர். சிசிலி வில்லியம்ஸ் 1933இல் இன்றைய கானாவிலிருந்து எழுதிய வீக்க நோய்க்கு, அடுத்த பிள்ளை பிறந்ததும் தாய்ப்பாலிலிருந்து விலக்கப்பட்ட குழந்தைக்கு வரும் புரதக் குறைவே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. கோபாலன் 1968இல் அதை மறுத்தார். ஒரே மாதிரி உணவு உண்ட குழந்தைகளில் சிலர் வற்றி மெலிகிறார்கள், சிலர் வீங்குகிறார்கள். வேறுபாடு உணவில் இல்லை. பட்டினிக்கு உடல் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறதா, அதில் தோற்கிறதா என்பதில் இருக்கிறது என்றார். முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் பருப்பும் முட்டையும் ஊட்டினால் வீக்கம் வடிந்துவிடும் என்ற எளிய நம்பிக்கையை அவருடைய கேள்வி குலைத்தது.

மதுரை அரசு எர்ஸ்கின் மருத்துவமனையில் நடந்தது அதிகம் பேசப்படாத அத்தியாயம். பின்னாளில் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய ஜி. வெங்கடசாமி, உயிர்ச்சத்து ஏ குறைவால் கண் வறண்டு பார்வை இழக்கும் நிலையில் வந்த குழந்தைகளுக்காக 1970களின் தொடக்கத்தில் அங்கே ஓர் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தை நடத்தினார். அவரும் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆன்டோனெட் பிரீ முதலானோரும் அதைப் பற்றி 1976இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். கண்ணைக் காப்பாற்ற மருந்து போதும். கண் ஏன் வறண்டது என்று கேட்டதால்தான் அங்கே அடுப்பும் கீரையும் தாய்மாரும் வந்தார்கள். ஒரு கண் மருத்துவர், தன் துறைக்குள் வேறு பெயரில் வந்த ஊட்டக்குறைவை அடையாளம் கண்டு, அதற்குத் தனியாக இடம் ஒதுக்கினார். நான் வலியுறுத்த விரும்பும் அணுகுமுறைக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி கிடைக்காது.

மூன்றாவது, தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். உலக வங்கிக் கடனில் 1980இல் மதுரை மாவட்டம் கோட்டாம்பட்டி ஒன்றியத்தில் முன்னோட்டமாகத் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை தடுமாறிய குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குச் சத்துருண்டை கொடுத்தது. கடும் குறைபாடு கணிசமாகக் குறைந்தது, மிதமான குறைபாடு அவ்வளவாக அசையவில்லை என்பது மதிப்பீடுகள் பொதுவாக ஒப்புக்கொள்ளும் முடிவு. நம் சோறு போடும் பெருமை எல்லாம் பள்ளிப் பந்தியைச் சார்ந்தது. சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டியைத் தாண்டினால் வரும் எட்டயபுரத்தில் 1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவும், 2022இல் வந்த காலை உணவும் பந்தியில் உட்காரத் தெரிந்த பிள்ளைக்கானவை. கடும் மெலிவு தாக்குவதோ பெரும்பாலும் இரண்டு வயதுக்குட்பட்ட, யாராவது மடியில் வைத்து ஊட்டியாக வேண்டிய பிள்ளையை. அந்த வயதை நேராகக் குறிவைத்தது கோட்டாம்பட்டியில் தொடங்கிய அந்தத் திட்டம். அரசியல் நினைவில் அதற்கு இடமே இல்லை. விழா எடுக்க ஒரு தலைவரின் பெயர் அதோடு ஒட்டவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

படுக்கையில் நடப்பது

நீண்ட காலம் பட்டினியில் கிடந்த உடல் செலவைக் குறைத்துக்கொண்டே போகிறது. இதயத் தசை மெலிகிறது. சிறுநீரகம் உப்பை வெளியேற்றத் திணறுகிறது. செல்களுக்குள் சோடியம் சேர்ந்து, பொட்டாசியம் வெளியே கசிகிறது. கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு இருக்காது. கிருமி தாக்கினாலும் காய்ச்சல் வராமல் போகலாம். அப்போது உடல் குளிர்ந்து போவதே அறிகுறி. இதனால் மற்ற குழந்தைக்குச் சரியான சிகிச்சை இந்தக் குழந்தைக்கு ஆபத்தாகிறது.

சொட்டுத் திரவம் ஏற்றுவதையே எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க’ என்று கேட்காத குடும்பம் அபூர்வம். ஏற்றாத மருத்துவர் கவனிக்கவில்லை என்றே பொருள். கடும் ஊட்டக்குறைவில் அதிர்ச்சி நிலை இருந்தாலொழிய நரம்பு வழியாகத் திரவம் ஏற்றக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவன நெறிமுறை. பலவீனமான இதயம் அதைத் தாங்காது. வாய்வழி நீர்ச்சத்துக் கரைசலைக்கூட உப்பைக் குறைத்து, பொட்டாசியத்தைக் கூட்டி, மெதுவாகத்தான் தர வேண்டும். வீக்கத்தைக் கண்டு சிறுநீர் பெருக்கி கொடுப்பதும் தவறு. இரத்தசோகை கண்ணுக்குத் தெரிந்தாலும், எடை ஏறத் தொடங்கும்வரை இரும்புச்சத்து கூடாது. தொற்று தெரியாவிட்டாலும் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தாக வேண்டும். வீட்டில் பாட்டி ஆசையோடு கொண்டுவரும் முட்டையும் நெய்ச்சோறும் முதல் வாரத்தில் கொல்லக்கூடும். திடீரென்று நிறைய உணவு கிடைத்தால் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம் நின்றுபோகலாம்.

எனவே முதல் கட்ட உணவு வேண்டுமென்றே மெலிதானது. ‘எஃப்-75’ எனப்படும் அந்தப் பாலில் 100 மில்லிக்கு 75 கிலோகலோரி, ஒரு கிராமுக்கும் குறைந்த புரதம். தயார்ப்பொடி இல்லாவிட்டால் 300 மில்லி பசும்பால், 100 கிராம் சர்க்கரை, 20 மில்லி எண்ணெய், தாதுக்கலவை, மீதித் தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்கலாம். தாதுக்கலவையைத் தவிர மற்ற எல்லாம் எந்த மருத்துவமனைச் சமையலறையிலும் உண்டு. கிலோவுக்கு நாளொன்றுக்கு 130 மில்லி. ஆறு கிலோ குழந்தைக்கு 780 மில்லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் 65 மில்லியாகப் பன்னிரண்டு வேளை. வீக்கம் மிகுந்திருந்தால் இன்னும் குறைவு. பசி திரும்பியதும் 100 மில்லிக்கு 100 கிலோகலோரி தரும் ‘எஃப்-100’க்குப் படிப்படியாக மாற்றுகிறார்கள். அதன் பிறகு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 கிராமுக்கு மேல் எடை ஏறினால் நல்ல தேர்ச்சி.

பன்னிரண்டு வேளையில் மூன்று நான்கு நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே விழுகின்றன. இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 54 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவதும் உடல் குளிர்வதும் அந்நேரத்தில்தான் அதிகம். அயர்ந்து தூங்கும் தாயை இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுப்பி, அளந்த பாலைக் கரண்டியால் ஊட்டச் செய்ய ஒரு ஆள் வேண்டும்.

இந்த நெறிமுறை எவ்வளவு பயன் தந்தது? கிளேர் ஸ்கோஃபீல்டும் ஆன் ஆஷ்வொர்த்தும் 1996இல் ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, மருத்துவமனையில் சேர்ந்த கடும் ஊட்டக்குறைவுக் குழந்தைகளில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் இறப்பது 1950களிலிருந்து மாறவே இல்லை என்று கண்டார்கள். மருந்தில்லாமல் அவர்கள் சாகவில்லை, தவறான சிகிச்சையால் செத்தார்கள் என்பதே அவர்களின் முடிவு. டாக்காவின் வயிற்றுப்போக்கு ஆய்வு மையம் சீரான நெறிமுறைக்கு மாறியதும் இறப்பு 17 சதவீதத்திலிருந்து 9 சதவீதமானது என்று 1999இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. அது உலகத் தரமான ஆய்வு மையம். வட்ட மருத்துவமனைக்கு அது சாட்சியாகாது என்று மறுக்கலாம். அதற்குத் தென்னாப்பிரிக்காவின் கிராமப்புற மருத்துவமனைகள் இரண்டைப் பற்றி 2004இல் வந்த ஆய்வு விடை தருகிறது. அங்கும் இறப்பு குறைந்தது. ஆனால் பயிற்சி பெறாத புதிய மருத்துவர்கள் வந்து சேர்ந்ததும் ஓரிடத்தில் மீண்டும் ஏறியது. பணிமாறுதல் ஆணைகளோடு அறிவும் ஊர் மாறிப் போகும் நம் அமைப்புக்கு இது நேரடியான எச்சரிக்கை.

பதினான்கு நாளும் தறியும்

இந்திய அரசின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்களை வரையறுத்தது. தாயும் குழந்தையும் ஏறத்தாழ இரண்டு வாரம் தங்க வேண்டும். தாயின் கூலி இழப்புக்கு ஈடு உண்டு. மத்தியப் பிரதேசத்தில் இத்தகைய மையங்கள் முந்நூறுக்கும் மேல். பாதியில் வெளியேறுவதும் வீடு திரும்பியபின் மறுபடி மெலிவதும் அவற்றின் மீதான நிலையான விமர்சனங்கள்.

அந்த இரண்டு வாரத்தை இங்கிருந்து எண்ணிப் பார்க்கலாம். சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். சுற்றியுள்ள கிராமங்களில் மானாவாரி வெள்ளாமையோடு பீடி சுற்றுவதும் உண்டு. தறியானாலும் பீடித் தட்டானாலும் கூலி உருப்படிக் கணக்கு. தாய் வீட்டிலேயே இருக்கிறாள், ஆனால் கை ஓயவில்லை. வேலைக்கு வெளியே போகாதவள் என்று கணக்கெடுப்பு அவளைக் குறித்துக்கொள்ளும். பிள்ளைக்கு ஒரு வேளை ஊட்ட அரைமணி நேரம் பிடித்தால் அது கூலியில் குறையும் என்பதைக் குறிக்க அதில் இடமில்லை. 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தபின் ஆட்சியரும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் தென்காசியில். சிக்கலான நோயாளியை அனுப்பும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இன்னும் பாளையங்கோட்டை ஐகிரவுண்டில், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது, வாரக் கூலிக்கு வாங்கிய முன்பணம் என்னாவது என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்தால்தான் அந்தப் பேருந்தில் ஏற முடியும். ‘சிகிச்சையை மறுத்துச் சென்றார்’ என்று பதிவேட்டில் எழுதுவது எளிது.

பொட்டலமா வீட்டுச் சோறா

பசியும் தெளிவும் உள்ள, வேறு சிக்கல் இல்லாத குழந்தையைப் படுக்கையில் சேர்க்கத் தேவையில்லை என்று 2007இல் ஐ.நா. அமைப்புகள் கூட்டாக அறிவித்தன. அதைச் சாத்தியமாக்கியது ஆந்த்ரே பிரியாந் முதலியோர் பிரான்சில் உருவாக்கிய சிகிச்சை உணவுப் பொட்டலம்: நிலக்கடலை விழுது, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், நுண்சத்துகள், 92 கிராமில் 500 கிலோகலோரி. பக்கத்துக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது நினைவுக்கு வந்தால் தவறில்லை. ஆனால் பால்புரதமும் நுண்சத்தும் இல்லாத, சிறு குழந்தைக்குப் புரையேறக்கூடிய பண்டம் இதற்கு மாற்றாகாது.

இந்தியாவில் இதற்கு எதிர்ப்பு வலுவாக இருந்தது. யூனிசெஃப் இறக்குமதி செய்த பொட்டலங்களை 2009இல் மத்திய அரசு நிறுத்தியது; இது ஏற்கப்பட்ட கொள்கையல்ல என்று 2017இல் மாநிலங்களுக்கு மறுபடி எழுதியது. வணிக நிறுவனங்கள் குழந்தை உணவில் நுழையும் வாசலாக இது மாறும் என்ற அச்சம் ஆதாரமற்றதன்று. பால்பொடி நிறுவனங்களின் வரலாறு நம்முன் இருக்கிறது. ஆதாரமோ இரு தரப்பையும் முழுதாகத் திருப்திப்படுத்தவில்லை. டெல்லி, ராஜஸ்தான், வேலூர் ஆகிய இடங்களில் 906 குழந்தைகளிடம் நடந்து 2016இல் ‘பி.எம்.ஜே. குளோபல் ஹெல்த்’ இதழில் வந்த ஆய்வில், பதினாறு வாரத்தில் மீண்டவர்கள் உள்ளூரில் தயாரித்த சிகிச்சை உணவில் 56.9 சதவீதம், ஆலைப் பொட்டலத்தில் 47.5, பொருள் கொடுத்து வீட்டில் சமைத்த உணவில் 42.8. பொட்டலம் முன்னிலைதான், ஆனால் உள்ளூர்த் தயாரிப்பு ஆலையை முந்தியது. எந்த வழியிலும் ஏறத்தாழ பாதிப் பேர் மீளவில்லை. ஆப்பிரிக்க ஆய்வுகளைவிட இது குறைவு. நம் குழந்தைகளின் மெலிவு சில வாரப் பஞ்சத்தால் வந்ததன்று, கருவிலிருந்தே தொடர்வது என்பதால் சில வார உணவுக்கு அது வளைந்துகொடுப்பதில்லை என்றே இதைப் புரிந்துகொள்கிறேன்.

தமிழ்நாடு அரசு 2022 மே மாதம் உதகையில் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம் கொள்கைச் சண்டையில் இறங்காமல் காரியத்தில் இறங்கியது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட கடும் குறைபாடுள்ள குழந்தைக்குச் சிகிச்சை உணவு; அதற்குக் கீழான குழந்தையின் தாய்க்குச் சத்துப்பெட்டகம். ஆறு மாதத்துக்குள்ளேயே மெலிவு உச்சத்தில் இருக்கும் நாட்டில் தாய்க்குக் கொடுப்பது அறிவார்ந்த முடிவு. இரண்டாம் கட்டம் 2024 நவம்பரில் அரியலூர் மாவட்டத்தில் தொடங்கப்பட்டது.

வீடு திரும்பிய பிறகு

மலாவியின் பிளான்டயர் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 1,024 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியான ஆய்வில், சிகிச்சையின்போதோ அடுத்த ஓராண்டிலோ 42 சதவீதத்தினர் இறந்திருந்தனர். எச்.ஐ.வி. மிகுந்த ஊர் என்பதால் அந்த எண்ணை இங்கே பொருத்த முடியாது. இந்தியாவில் சமூக அளவில் கண்டறியப்பட்ட குழந்தைகளின் இறப்பு மிகக் குறைவு. அதைக் காட்டிச் சிலர், நம் நாட்டில் இது அவ்வளவு ஆபத்தான நோயல்ல என்கிறார்கள். அந்த வாதத்தில் ஒரு வழுக்கல் இருக்கிறது. குறைவாக இறப்பவர்கள் வீட்டில் கைச் சுற்றளவு நாடா வைத்துக் கண்டறியப்பட்ட, சிக்கல் இல்லாத குழந்தைகள். பேதியோடும் நிமோனியாவோடும் வார்டுக்கு வந்து, அடிநோய் எழுதப்படாமல் போகிறவர்கள் அந்தக் கணக்கில் வருவதேயில்லை.

எனவே தனி மையம் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. எந்த நோய்க்காக வந்தாலும் ஐந்து வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும், காய்ச்சல் பார்ப்பதைப் போலவே, எடையும் நீளமும் கைச் சுற்றளவும் பாத வீக்கமும் பார்த்து எழுத வேண்டும். வரம்புக்குக் கீழே இருந்தால் அதை இரண்டாவது நோயாகச் சேர்க்கைச் சீட்டிலும் விடுவிப்புச் சீட்டிலும் பதிய வேண்டும். மருத்துவமனை ஒரு துறை, அங்கன்வாடி இன்னொரு துறை. குழந்தையின் எடை ஒருபக்கம் நோயாளிக் கோப்பிலும் மறுபக்கம் ‘போஷன் டிராக்கர்’ செயலியிலும் தனித்தனியே கிடக்கிறது. விடுவிப்புச் சீட்டில் அந்தப் பகுதி அங்கன்வாடியின் பெயரும் அடுத்த எடை பார்க்கும் தேதியும் இருந்தால் கிராம சுகாதாரச் செவிலியர் தேடிப் போக ஒரு முகவரி கிடைக்கும்.

இரவில் எழுப்பி ஊட்ட ஆளில்லாத வார்டில் நோயைப் பெயரிட்டு என்ன பயன் என்று மருத்துவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நாடா சில ரூபாய். கூடுதல் இரவுச் செவிலியர் பணியிடம் அப்படியல்ல. என்றாலும் எண்ணிக்கை இல்லாமல் பணியிடம் கேட்க முடியாது. ஆண்டுக்கு எத்தனை கடும் ஊட்டக்குறைவுக் குழந்தைகள் வேறு நோயின் பெயரில் படுக்கையில் கிடந்தார்கள் என்று ஒரு வட்ட மருத்துவமனை தன் பதிவேட்டிலிருந்தே சொல்ல முடிந்தால், பன்னிரண்டு வேளைப் பாலுக்கும் அதை ஊட்டும் கைக்கும் வரவுசெலவுத் திட்டத்தில் தனி இனம் கேட்கும் வாதம் அங்கிருந்து தொடங்கலாம்.